குளக்கட்டுக்குக் கீழே யூக்கலிப்டஸ்: வளர்த்துப் பார்த்த அனுபவம்

வன்னியில் எங்கள் காணியின் பின்மூலை குளக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. மாரி தொடங்கினால் கசிவு வந்து, தை மாதம் வரை கணுக்காலளவு தண்ணீர் நிற்கும். மா அங்கே பிழைக்காது. தேக்கு வைத்தால் மஞ்சள் பற்றிப் பட்டுப்போகும். 2011 மாரியில் அந்த மூலையில் யூக்கலிப்டஸ் கன்றுகள் வைத்தோம். இப்போது நல்ல பனை உயரம் நிற்கின்றன.

யூக்கலிப்டஸ் என்றதும் பலருக்கு நுவரெலியாப் பக்கத்துக் குளிர்தான் நினைவுக்கு வரும். இது வேறு இனம், யூக்கலிப்டஸ் கமால்டுலென்சிஸ். அவுஸ்திரேலியாவின் ஆற்றோரங்களும் வெள்ளம் பரவும் தாழ்நிலங்களும்தான் இதன் சொந்த இடம். அங்குள்ள மரி (Murray) ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த ஈரமண்ணில் விதை முளைத்துக் காடாகிறது. கொஞ்சக் காலம் காலடியில் தண்ணீர், பிறகு மாதக்கணக்கில் மழையே இல்லை என்பது இதற்குப் பழகிய வாழ்க்கை. வன்னியின் மாரியும் கோடையும் அப்படித்தானே.

முதல் மாரியில் தண்ணீர் தேங்கியபோது ஒரு கன்றின் அடியில் புல்லை விலக்கிப் பார்த்தேன். நீர்மட்டத்தை ஒட்டித் தண்டிலிருந்து வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கியிருந்தன. மண்ணுக்குள் காற்றில்லாமல் பழைய வேர் மூச்சு முட்டும்போது, இந்த மரம் மேலே புது வேர் விட்டுத் தப்பித்துக்கொள்கிறது. அதைப் பார்த்த பிறகு தண்ணீரைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது.

தண்ணீரைவிடக் கோடையில் வரும் கறையான்தான் இளங்கன்றுக்கு எதிரி. காய்ந்த புல்லும் சருகும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலத்தி வையுங்கள். முதல் இரண்டு வருடம் இலுக்குப் புல்லை விடாமல் வெட்ட வேண்டும், புல்லோடு போட்டிபோட இளங்கன்றால் முடியாது. ஆடு மாடு ஒரு வாய் கடித்துவிட்டு விலகிவிடும். பிறகு கிடுகிடுவென்ற வளர்ச்சி.

இடையில் துளிர் இலைகளின் நடுநரம்பில் பருப்பருவாக வீக்கம் வந்து இலை சுருண்டது. லெப்டோசைபே இன்வாசா என்ற நுண்குளவியின் வேலை அது. அதுவும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். புழு வீக்கத்துக்குள்ளேயே இருப்பதால் மருந்தடித்துப் பெரிய பயனில்லை. நாங்கள் அடிக்கவில்லை, வளர்ந்த மரங்கள் தாங்களே மீண்டன.

கன்று இறக்கிய அன்றே பக்கத்துக் காணி ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எங்க வேணுமெண்டாலும் வை, கிணத்தடியில மட்டும் வைச்சுடாதை." அவர் சொன்னது முழுக்கச் சரி. வேகமாக வளரும் மரம் வேகமாகக் குடிக்கும். கிணற்றடி, வயல் வரம்பு, வீட்டுப் பக்கம் மூன்றும் இதற்கு ஆகாது. வீட்டுப் பக்கம் ஆகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றே இல்லாத வெயில் நேரத்திலும் பெரிய கொப்பு திடீரென முறிந்து விழும். அடியில் மாடு கட்டாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். எண்ணெய்ச் சத்துள்ள சருகும் பட்டையும் கோடையில் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் கூட்டி அள்ளிவிடுவோம்.

மரம் எதற்கு உதவும் என்று கேட்பார்கள். கூரை வளைகளுக்கும் தடிகளுக்கும் நன்று, காய்ந்தால் அருமையான விறகு. பலகை அறுக்க ஆசைப்பட்டு இளமரத்தைத் தறித்தால் முனை பிளந்து முறுகும், முற்ற விட வேண்டும். சளிக்குத் தைலம் இறக்கலாம் என்ற எண்ணத்தோடும் வைக்காதீர்கள். கடைத் தைலத்துக்குப் பெரும்பாலும் வேறு இனம், குளோபுலஸ்.

தேனீக்கு நல்ல பூ. ஆனால் நிழலும் குருவிக் கூடும் வேண்டுமென்றால் மருதுதான். அதுவும் ஈரத்தில் நிற்கும், நம் குளங்களின் சொந்த மரம், வளரத்தான் காலம் எடுக்கும். கசிவின் மறுபக்கத்தில் அதையும் வைத்திருக்கிறோம்.

சென்ற மாரித் தொடக்கத்தில் சிலவற்றைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, மழைநீர் வழிய சரிவாகத் தறித்தோம். கட்டையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்த்தது. ஒவ்வொன்றிலும் நேரான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தோம். கழித்த தடிகளில் இப்போது பயற்றங்கொடி படர்கிறது.