மலிபன் வீதிக் கட்டுவேலைக் கடையும் என் 43 புத்தகங்களும்

என் சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘வாசிக்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 43 பெயர்கள். சில பெயர்களை எழுதிய மை மங்கி இருபத்தைந்து வருடங்கள் ஆகிவிட்டன. கணிதம் படிப்பித்த காலமெல்லாம் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் கழிந்த பிறகும் பட்டியல் அப்படியே இருந்தது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தால் நான்கைந்து பெயர்கள் கூடும். குறைவதில்லை.

போன வருடம் ஒரு போயா தினத்தில் அலுமாரியைக் காலி செய்து, எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. நான் தள்ளிப்போட்டு வந்தவற்றில் 11 புத்தகங்கள் திறந்தாலே பிரிந்து விழுகிற நிலையில் இருந்தன. எடுப்பேன், இரண்டு தாள்கள் மடியில் விழும், பயந்து மூடி வைத்துவிடுவேன். மனம் அதை ‘பிறகு வாசிக்கலாம்’ என்று கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக்காற்று புத்தகத்தையும் விடுவதில்லை. 1970களில் கொழும்பில் அச்சான மலிவுப் பதிப்பு நாவல்கள் என்னிடம் ஏழு உண்டு. எல்லாமே கம்பி அடித்துக் கட்டியவை. கம்பி துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கி, அந்த இடம் தவிட்டு நிறமாகிப் பொடிந்துவிட்டது. மரக்கூழில் செய்த மட்டமான தாள் வேறு. தானாகவே பழுத்து நொறுங்கும் இயல்புடையது. பழைய மாப்பசைக்காக இராமபாணப் பூச்சி வரும். புதிய புத்தகங்களுக்கு வேறு வியாதி: தைக்காமல் பசையை உருக்கி முதுகில் ஊற்றி ஒட்டிவிடுகிறார்கள். சில வருடங்களில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கிறது.

பதினொன்றையும் இரண்டு சீலைப் பைகளில் கட்டிக்கொண்டு, 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினேன். காகிதமும் கொப்பியும் மொத்தமாக விற்கும் மலிபன் வீதிக் கடைகளில், பழைய புத்தகங்களைக் கட்டித் தருபவர் யாரும் உண்டா என்று விசாரித்தபோது, ஒரு கணக்கப்பிள்ளை கையைக் காட்டினார். வீதியிலிருந்து பிரியும் ஒடுங்கிய சந்தில், ஒரு களஞ்சியத்தின் மேல்மாடி. பெயர்ப் பலகை கிடையாது. மரப்படிகள் செங்குத்தானவை, கைபிடி ஒரு பக்கம்தான். முழங்கால் நோவு உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் பையன் வந்து புத்தகங்களை வாங்கிக்கொண்டு போவான்.

நடத்துபவர் எழுபதை நெருங்கும் ஒரு முஸ்லிம் பெரியவர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். கூட ஒரு பையன். ஒரு வெட்டும் இயந்திரம், சக்கரம் சுற்றி இறுக்குகிற இரும்பு அழுத்தி, தையல் சட்டம், மூலையில் பசைச் சட்டி. அந்தச் சட்டியைப் பற்றிக் கேட்டேன். கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்கத் துருசு (மயில்துத்தம்) கலக்கிறார். துருசு நஞ்சு. விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று அவரே எச்சரித்தார்.

ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் கையில் எடுத்த விதத்தில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. பெயரைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தார், பிறகு தலைப்பக்க விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மடிப்புகளை எண்ணினார். மலையகத்தைப் பற்றிய ஒரு நாவலை எண்ணி முடித்ததும் நிறுத்தினார்.

“இதில் ஒரு பாரம் இல்லை டீச்சர்.”

எனக்கு விளங்கவில்லை. அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் 16 பக்கங்களை அடித்து மடிப்பார்கள், அந்த மடிப்புத்தான் ஒரு பாரம், பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம் என்று சொல்லிவிட்டு, விரித்துக் காட்டினார். 96ஆம் பக்கத்துக்கு அடுத்தது 113. நடுவில் கிழிந்ததற்கான அடையாளம் எதுவுமில்லை. கட்டும்போதே அந்தப் பாரத்தை வைக்க மறந்திருக்கிறார்கள்.

நான் சற்று நேரம் பேசவில்லை. அந்த நாவலை 1990களின் கடைசியில் வாசிக்கத் தொடங்கி, சரியாக அந்த இடத்தில்தான் விட்டேன். தாயோடு ஒட்டி வளர்ந்த பையன் திடீரென்று வீட்டுப் பக்கமே போகாமல் பஸ் நிலையத்தில் படுத்துக் கிடக்கிறான். ஏன் என்று பிடிபடவில்லை. ‘எனக்கு இந்த எழுத்து எட்டவில்லை, ஆறுதலாக ஒருநாள் வாசிக்க வேண்டும்’ என்று கொப்பியில் எழுதினேன். அதற்குப் பிறகு அந்த ஆசிரியரின் வேறெந்த நூலையும் தொடவில்லை. பக்க எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. கணக்கு ஆசிரியை நான்!

விடுபட்ட பக்கங்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடைத்தன. 2005இல் தொடங்கியதிலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் ஒளிவருடி யாரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். என்னிடம் உள்ள அதே பதிப்பு அங்கே இருந்தது. தேவையான பக்கங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் போட்டோப்பிரதி எடுக்கும் கடைக்குப் போனேன். நான்கு தாள்கள், இரு புறமும், ஒவ்வொரு புறத்திலும் இரண்டு பக்கங்கள். வரிசையாக அடித்தால் மடிக்கும்போது குழம்பிவிடும். நானா சொல்லித் தந்த முறை இது: முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே புறத்தில் வர வேண்டும். 97உம் 112உம். அதன் மறுபுறத்தில் 98உம் 111உம். இப்படியே போனால் நடுத்தாளின் உட்புறத்தில் 104உம் 105உம் சந்திக்கும். எந்தப் புறத்தைக் கூட்டினாலும் 209. முப்பத்தொரு வருடம் கூட்டல் தொடரைப் படிப்பித்திருக்கிறேன். அது ஒரு புத்தகத்தின் வயிற்றுக்குள் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான்கு தாள்களையும் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மற்றப் பாரங்களோடு சேர்த்து நூலால் தைத்தார். புதிய தாள் வெள்ளை, பழையது பழுப்பு. பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். நிறம் ஏற்றித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்றிரவே 97இலிருந்து வாசித்தேன். 103ஆம் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் அந்தத் தாய் இறந்துபோகிறாள். பையன் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்பது 113இல் ஒரு வரி கூடச் சொல்லாமலே விளங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு முடித்தேன். அருமையான நாவல்.

மற்றவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, சென்னையில் அச்சான 928 பக்க நாவல். ஒரு கிலோவுக்கு மேல் எடை. 240ஆம் பக்கத்தில் முதுகு பிளந்து கிடந்தது. என் பெருவிரல் மூட்டு வாதத்துக்கு அதைக் கட்டிலில் படுத்தபடி பிடிக்க முடியாது, மேசையில் வைத்தாலும் விரிந்து நிற்காது. தனித் தாள்களாகிவிட்டதால் பாரமாகத் தைக்க வழியில்லை; ஓரத்தில் ஊசி குத்தித் தைத்தால் ஒரு சென்ரிமீற்றர் உள்ளே போய் எழுத்து மறையும் என்றார் நானா. அதற்கு அவர் கண்ட வழி, புத்தகத்தை 464 பக்கங்களாக இரண்டு பாகம் ஆக்குவது. தாள்களை விசிறி போல ஒருபுறம் சாய்த்து வெள்ளைப் பசை, மறுபுறம் சாய்த்து இன்னொரு தடவை. முதுகில் கீறல் போட்டு நூலைப் பதித்து, மேலே கலிக்கோ துணி. இப்போது ஒவ்வொரு பாகமும் கையில் கனக்காமல் நிற்கிறது, எந்தப் பக்கத்தில் விரித்தாலும் தட்டையாகக் கிடக்கிறது. ஆறு வருடம் தொடாமல் கிடந்ததைப் பதினெட்டு நாளில் முடித்தேன். தடித்த நாவல்களை வைத்துக்கொண்டு தயங்குகிற எவருக்கும் இந்த ஒரு வேலைக்காகவே அந்தச் சந்துக்குப் போகச் சொல்வேன்.

மற்றது ஆறுமுக நாவலர் உரைநடையில் எழுதிய பெரியபுராண வசனம். அப்பம்மாவினுடையது, அவருக்குப் பிறகு அப்பாவினுடையது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது அப்பா ஒரு உரப்பையில் போட்டுச் சுமந்தவற்றில் இதுவும் ஒன்று. மழையில் நனைந்த கறை இன்னும் இருக்கிறது. மடிப்புகள் எல்லாம் அறுந்துபோயிருந்தன. நானா ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் மெல்லிய திசுத்தாளை வார் வாராக வெட்டி ஒட்டி, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் ஊசியைத் தொட்டார். இந்த வேலைக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்றாம். நாளுக்கு ஒரு நாயனார் என்று வைத்தால் 63 நாளில் முடியும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கினேன். கணக்கு நாவுக்கரசரிடம் பிசகியது, சம்பந்தரிடம் ஒரு வாரம் நின்றது. அது நல்ல வாரம்.

இந்தப் புத்தகத்தில்தான் எனக்கு ஆறாத ஒரு குறையும் இருக்கிறது. கட்டி முடித்ததும் மூன்று விளிம்புகளையும் இயந்திரத்தில் கொடுத்துச் சீராக வெட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். அப்பா ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதுகிறவர் என்பதை நான் சொல்லவில்லை; நானாவும் கேட்கவில்லை. இளையான்குடிமாற நாயனார் மழையிருட்டில் வயலுக்குப் போய், பகலில் விதைத்த நெல்லையே அடியாருக்காக வாரிக்கொண்டு வரும் இடத்தில், ஓரத்தில் ‘அம்மா இவ்விடத்தில் எப்போ’ என்று நிற்கிறது. மீதி வெட்டோடு போய்விட்டது. அப்பம்மா இவ்விடத்தில் எப்போதும் என்ன செய்வார், என்ன சொல்வார் என்று கேட்க இப்போது யாரும் இல்லை. நானாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். குப்பைச் சாக்கை அவரும் பையனும் தரையில் கொட்டித் தேடினார்கள். நூல் போன்ற காகிதக் கீறுகளுக்குள் எதைக் கண்டுபிடிப்பது? கேட்டிருக்க வேண்டியது அவர் கடமை என்றே நினைக்கிறேன். அதை அவரிடமே சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

வேறு குறைகளும் உண்டு. இரண்டு கிழமை என்றார், ஐந்தரைக் கிழமை ஆயிற்று. பையன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போனால் வேலை நின்றுவிடும். முதுகில் பொன்னெழுத்துப் பதிக்கத் தமிழ் அச்செழுத்து அவரிடம் இல்லை, சிங்களமும் ஆங்கிலமும்தான். நான் தடித்த தாளில் பெயர்களைக் கையால் எழுதிக் கொடுத்தேன், ஒட்டித் தந்தார். மற்றபடி தையல் இறுக்கமாகவும் நேராகவும் இருக்கிறது, அட்டை வளையவில்லை. எட்டு மாதம் வெள்ளவத்தைக் காற்றில் இருந்தும் எதுவும் இளகவில்லை.

கூலி: மலையக நாவலுக்கு 1,100 ரூபாய், இரண்டு பாகமாக்கியதற்கு 2,400, பெரியபுராண வசனத்துக்கு 3,200. மற்ற எட்டுக்கும் தலா 900. மொத்தம் 13,900. காசாகத்தான் வாங்குவார். முற்பணம் பாதி கேட்டார், ரசீதை ஒரு கொப்பித் துண்டில் எழுதித் தந்தார். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்காக மூடிவிடுவார், பிறகு இரண்டரைக்குத்தான் திறப்பார். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு முன்பு போனால் சந்துக்குள் கைவண்டிகள் இருக்காது, ஆறுதலாகக் கதைக்கலாம். புத்தகத்தைக் கொடுக்கும் முன்பு வீட்டிலேயே பக்க எண்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். விடுபட்ட பக்கங்களைத் தைப்பதற்கு முன்பு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வேலை ஒழுங்காக அமையும்.

பட்டியலில் இப்போது 19 பெயர்களுக்குக் கோடு விழுந்திருக்கிறது. கட்டியவை 11, அந்த உற்சாகத்தில் அலுமாரியிலிருந்து தானாகக் கைக்கு வந்தவை எட்டு. அடுத்த பையில் ஐந்து புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் பென்சிலால் ‘விளிம்பு வெட்ட வேண்டாம்’ என்று எழுதியாயிற்று.