பெயரிலிருந்து தொடங்கும் ஒரு ருமேனிய மொழி வகுப்பு

22 வருடம் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்தவன் நான். ஒரு பெயரில் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பானால், அந்தப் பிள்ளை பின்னாளில் பாஸ்போட் எடுக்கக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் எத்தனை தரம் அலையும் என்று எனக்குத் தெரியும். அதனால் மட்டக்களப்பு நகரத்தில் நடக்கிற இந்த ருமேனிய மொழி வகுப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ருமேனியாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்புகிற வீட்டாருக்கும் உதவும்.

நான் அங்கே போன காரணத்தை முதலில் சொல்கிறேன். என் தங்கையின் மகளுக்கு ருமேனியாவில் ஒரு தையல் ஆலையில் வேலை சரிவந்தது. ஒப்பந்தக் கடிதத்தை ஓரிடத்தில் கொடுத்துத் தமிழில் மொழிபெயர்த்தோம். 6,500 ரூபா. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரின் குடும்பப் பெயர், ப்ளொயெஷ்தி என்ற நகரிலிருந்து பிறந்த பெயர். மொழிபெயர்த்தவர் அதை ஊராக்கி, வேலை ப்ளொயெஷ்தி நகரில் என்று எழுதித் தந்துவிட்டார். ப்ளொயெஷ்தி தலைநகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர்தான். தலைநகரில் எங்கள் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் இருக்கிறான், ஏதும் என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பான் என்று வீட்டில் எல்லோரும் ஆறுதலாக இருந்தோம். உண்மையில் வேலை பக்கவ் நகரில். அது வடகிழக்கே, தலைநகரிலிருந்து 300 கிலோமீற்றர் அளவு. வகுப்பை விசாரிக்கப் போன அன்று ரீச்சர்தான் கடிதத்தை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, "இது ஊர் இல்ல ஐயா, ஆள்" என்றார்.

வகுப்பு ஒரு புத்தகக் கடைக்கு மேல் மாடியில். சனி, ஞாயிறு பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணி வரை, 8 வாரம், 12,000 ரூபா. நாங்கள் போன தடவை 14 பேர். மருமகளை ஏற்றி இறக்கத்தான் நான் போனேன். முதல் நாள் கடைசி வாங்கில் இருந்து கேட்டேன். இரண்டாம் நாள் நானும் காசு கட்டிச் சேர்ந்துவிட்டேன்.

ரீச்சர் வாழைச்சேனைப் பக்கம். அங்கே தையல் ஆலையில் 5 வருடம் வேலை செய்து திரும்பியவர். அவர் எழுத்தும் இலக்கமும் சொல்லித் தொடங்குவதில்லை. கரும்பலகையில் பெயர்களை எழுதுகிறார். "வேலைக்குப் போற முதல் நாள் காதில விழுறது பெயர்தான். யாரைக் கூப்பிடுறாங்க, எந்த ஊரைச் சொல்றாங்க எண்டு பிடிபட்டா மிச்சம் தானா வரும்" என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்கு என்று நான் எழுத்தில் கொடுக்கத் தயார்.

போபெஸ்கு, யொனெஸ்கு. 'எஸ்கு' என்று முடிந்தால் பெரும்பாலும் 'இன்னாரின் பிள்ளை, இன்னாரின் வழி'. யொன் என்பவரின் வழி யொனெஸ்கு. போபா என்றால் பாதிரியார். அங்கே ஓர்தொடொக்ஸ் சபையில் பங்குப் பாதிரிமார் கல்யாணம் செய்தவர்களாக இருக்கலாம், ஆகவே பாதிரி வீட்டுப் பிள்ளை போபெஸ்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான், முடிவு மாறாது. இனி இந்த 'எஸ்கு'வைப் பன்மையாக்கினால் 'எஷ்தி'. ஒருவர் யொனெஸ்கு என்றால், யொனெஷ்தி என்பது யொனின் ஆட்கள் இருக்கிற ஊர். தலைநகரை நாம் புக்காரெஸ்ட் என்கிறோம். அங்கே அதன் பெயர் புக்குரெஷ்தி, புக்குரின் ஆட்கள். புக்குர் என்ற ஆட்டிடையன் குடியேறிய இடம் என்பது அங்கே வழங்குகிற கதை. எழுத்தில் அந்தப் பெயர் முதலில் கிடைப்பது 1459 செப்டெம்பர் 20 திகதியிட்ட ஒரு சாசனத்தில். அதைக் கொடுத்த அரசர் விளாத், திராகுலா கதைக்குப் பெயர் கொடுத்த அதே ஆள்.

ரீச்சர் இதைச் சொல்லிமுடிக்க முதலே முன்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "அப்ப எங்கட காத்தான்குடி மாதிரி" என்றான். காத்தான் என்ற ஒருவரின் பெயரால் வந்த ஊர் என்றுதானே நாமும் சொல்லிவருகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் முழு வகுப்புக்கும் விளங்கிவிட்டது. மறுபக்கமாகவும் நடக்கும்: கொலெஷ்தி என்ற ஊரை ஆண்ட பிரபுக் குடும்பம் அந்த ஊரால் கொலெஸ்கு ஆனது.

அப்புறம் 'யானு' என்று முடிகிற பெயர்கள். முன்த்யானு மலைப்பக்கத்து ஆள், மொல்தொவ்யானு மொல்தாவியாக்காரர், ஒல்த்யானு ஒல்தேனியாக்காரர், ஆர்தெல்யானு ஆர்தியாலிலிருந்து, அதாவது திரான்சில்வேனியாவிலிருந்து வந்தவர். மொல்தாவியா, ஒல்தேனியா, திரான்சில்வேனியா எல்லாம் ருமேனியாவின் பழைய பகுதிகள். இதில் ரீச்சர் சொன்ன ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பெயர் சொந்த ஊரில் ஒட்டாது, போன ஊரில்தான் ஒட்டும். மொல்தாவியாவுக்குள் இருப்பவரை மொல்தாவியாக்காரர் என்று யார் கூப்பிடப்போகிறார்கள்? நம் ஊரில் வந்து கடை போட்டவரைத்தானே நாம் யாழ்ப்பாணத்தார் என்கிறோம். ஆகவே ஒருவரின் குடும்பப் பெயர் ஒல்த்யானு என்றால், அவருடைய பாட்டன் பூட்டன் யாரோ ஒருவர் ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறார் என்று எடுக்கலாம். உங்குர்யானு என்ற பெயர் இன்னும் ஏமாற்றும். ஹங்கேரிக்காரர் போலத் தெரியும். ஆனால் பல குடும்பங்களில் அது, ஹங்கேரி ஆட்சிக்குள் இருந்த காலத்தில் திரான்சில்வேனியாவிலிருந்து மலை கடந்து வந்த ருமேனியரைக் குறித்த பெயர்.

தொழிற்பெயர்களை மனதில் பதிக்க ஒரு பயிற்சி. ஆளுக்கொரு மட்டை தந்து, வீட்டுத் தொழிலைக் கேட்டு, 8 வாரத்துக்கும் அந்தப் பெயராலேயே கூப்பிட்டார். கல்லடியில் கடற்றொழில் செய்கிறவரின் மகன் பெஸ்காரு. செங்கலடிப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கிற வீட்டுப் பெடியன் வகாரு. நெல் ஆலையில் வேலை செய்கிறவரின் மகள் மொராரு, மாவரைப்பவர். என் மருமகள் தையல், ஆகவே க்ரொய்தோரு. எனக்கு எழுத்துத் தொழிலுக்குப் பெயர் வேண்டாம், ஊர்ப்பெயர் தாருங்கள் என்று கேட்டேன். 'ஆரையம்பத்யானு' என்று எழுதித் தந்தார். அந்த மட்டை இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பிள்ளை, உதைபந்தாட்டப் பைத்தியம். கெயோர்கெ ஹாஜி என்ற ருமேனிய வீரரின் பெயர் ஏன் ஹாஜி, அவர் முஸ்லிமா என்று கேட்டான். இல்லை, கிறிஸ்தவர். ஒட்டோமன் காலத்தில் ஜெருசலேமுக்கு யாத்திரை போய்வந்த கிறிஸ்தவர்களும் ஹாஜி என்ற பட்டத்தை வைத்துக்கொண்டார்கள். அது குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அவன் அன்று இரவே வாப்பாவிடம் சொல்லியிருக்கிறான், அடுத்த கிழமை வாப்பாவும் வகுப்பைப் பார்க்க வந்தார்.

என் மனதைத் தொட்டது மூன்றாம் வாரம். தகப்பன் பெயர், ஊர்ப் பெயர், தொழில் பெயர் எல்லாம் முடிந்தது. நான் கையை உயர்த்தி, "தாய்வழி ஒன்றும் இல்லையா ரீச்சர்?" என்று கேட்டேன். மட்டக்களப்பான் வேறு எதைக் கேட்பான்? இங்கே தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. காலிங்கா குடி, படையாண்ட குடி, உலகிப்போடி குடி என்று கோயில் திருவிழாவும் பங்கும் நடப்பது தாயின் வழியில். காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் அப்படித்தான். ஆனால் நான் 22 வருடம் நிரப்பிய பதிவுப் படிவத்தில் குடிக்கு ஒரு கட்டம் கிடையாது. தகப்பன் பெயர்தான் பிள்ளையின் பெயரோடு போகும். வீட்டில் ஒரு கணக்கு, கடுதாசியில் இன்னொரு கணக்கு.

ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பலகையில் 'ஆ' என்ற எழுத்தைப் போட்டார். கொஞ்சம் இடம் விட்டு 'மரியெய்' என்று எழுதினார். பிறகு இடையில் இருந்த வெளியைச் சுண்ணக்கட்டியால் ஒரு வளைவு போட்டுச் சேர்த்தார்: அமரியெய். மரியாவின் பிள்ளை. அதே மாதிரி ஆயொவானெய், யொவானாவின் பிள்ளை. ஆயெலெனெய், எலெனாவின் பிள்ளை. மொல்தாவியாப் பகுதியில், மருமகள் போகிற பக்கவ் பக்கத்தில்தான் இந்தப் பெயர்கள் அதிகம். கைம்பெண்ணாக நின்று பிள்ளை வளர்த்தவளோ, ஊரில் புருஷனைவிடப் பேர் எடுத்தவளோ, ஒரு தாயின் பெயர் வீட்டுக்குப் பெயராகி, பிறகு கடுதாசியிலும் ஏறிவிட்டது. 1895இல் அங்கே பெயர்ச் சட்டம் வந்து குடும்பப் பெயர் நிலைப்பட்டபோது, வாயில் வழங்கிய அந்தத் தாய்மாரின் பெயர்களும் அப்படியே நின்றன. எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. எத்தனை தாய்மார் என் மேசைக்கு முன்னால் நின்று போயிருப்பார்கள்.

மருமகள் ஜனவரியில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய லைன் மேற்பார்வையாளர் ஓர் அம்மா; சட்டையில் குத்திய அட்டையில் அந்த 'ஆ' வகைப் பெயர் ஒன்று. மருமகள் அதைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் "இன்னாருடைய பிள்ளை" என்று பொருள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மெஷினை நிற்பாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னாராம்.

நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு விஷயமும் வகுப்பில் வரும். அங்கே படிவங்களில் குடும்பப் பெயர்தான் முதலில். 'நூமெ' என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெயர் என்று நினைத்துச் சொந்தப் பெயரை எழுதக்கூடாது. அது குடும்பப் பெயருக்கு. சொந்தப் பெயர் 'ப்ரெநூமெ'யில். பரீட்சைப் பட்டியல் போன்றவற்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் புள்ளி வைத்து நடுவில் போடுவார்கள். போபெஸ்கு யொ. ஆனா. நம் இனிஷியல்தான், இடம் மட்டும் மாறி நிற்கிறது. ஆனால் நம் பாஸ்போட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயர் இருந்தால், ஆலையில் பெயர் கூப்பிடும்போது தகப்பன் பெயர்தான் முதலில் வரும் என்று ரீச்சர் முன்கூட்டியே சொல்லிவைப்பார். என் மருமகளின் அப்பா 2004 சுனாமியில் நாவலடியில் போனவர். அவளுக்கு அப்போது மூன்று வயது. இப்போது தினமும் காலை ஆறரைக்கு அந்தப் பெயரை ஒருவர் உரத்துக் கூப்பிட, அவள் "இருக்கிறேன்" என்று சொல்கிறாள். தங்கை இதைப் போனில் கேட்டுவிட்டு இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மரியாதைச் சொல்லுக்கும் ஒரு முழு நாள் ஒதுக்குகிறார். வயதில் மூத்தவரை வெறும் பெயரால் கூப்பிடுவது அங்கேயும் அழகில்லை. மூத்த ஆணுக்கு 'நெய', மூத்த பெண்ணுக்கு 'தான்தி', மேலதிகாரி அம்மாவுக்கு 'தொவாம்னா' என்று பெயருக்கு முன்னால். இதற்கு நம் பிள்ளைகளுக்குப் பாடமே தேவையில்லை, வாயில் தானாக வரும். பெயர்நாளும் அப்படித்தான்: ஜனவரி 7 யொன்மாருக்கு, ஏப்ரல் 23 கெயோர்கெமாருக்கு, டிசெம்பர் 6 நிக்கொலாயெமாருக்கு. அன்று 'லா முல்ட்ஸ் ஆன்' என்று வாழ்த்தினால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

இனிக் குறைகள். முதலாவது, அச்சுத்தாள். ருமேனிய எழுத்தில் எஸ்ஸுக்கும் டீக்கும் அடியில் சின்னக் காற்புள்ளி ஒன்று வரும். வந்தால் எஸ் 'ஷ' ஆகும், டீ 'ட்ஸ' ஆகும். பிரதிக்குப் பிரதி எடுத்து, எங்களுக்குத் தந்த தாளில் பாதிக் காற்புள்ளிகள் அழிந்துபோயிருந்தன. 'பெஸ்தெ' என்றால் மேலே, 'பெஷ்தெ' என்றால் மீன். ஒரு பொட்டு மை இல்லாவிட்டால் மீனே போய்விடும். நான் பேனையால் 14 பேரின் தாளிலும் குத்திக் கொடுத்தேன். அடுத்த தடவை மூலப் பிரதியிலிருந்து எடுங்கள் என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது பெரிய குறை. திரான்சில்வேனியாவை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். அங்கே ஹங்கேரி மொழி பேசுகிறவர்கள் நிறையப் பேர். ஹர்கித்தா, கொவாஸ்னா மாவட்டங்களில் அவர்கள்தான் பெரும்பான்மை. பெயர்ப்பலகை இரண்டு மொழியில் இருக்கும். க்ளூஜ் நகருக்கு ஹங்கேரி மொழியில் கொலொஷ்வார், ப்ரஷோவுக்கு ஜெர்மன் மொழியில் க்ரோன்ஸ்டாட். அந்த ப்ரஷோவுக்கே 1950 தொடக்கம் 1960 வரை ஸ்டாலின் நகரம் என்றும் பெயர் இருந்தது. ஊருக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதும், பலகையில் எது மேலே என்பதும் நமக்குப் புதிதான கதை இல்லையே. வகுப்பில் மூன்று பிள்ளைகள் அந்தப் பக்கம் போகிறவர்கள். அவர்களுக்காகவாவது இன்னும் இரண்டு நாள் வேண்டும்.

மாடிப்படி செங்குத்து, கைபிடி ஒரு பக்கம்தான். என் வயதுக்காரர் பார்த்து ஏறுங்கள். மின்விசிறி ஒன்று, யன்னல் பக்கம் இருந்தால் வாவிக் காற்று வரும்.

12,000 ரூபாவுக்கு இது மிகவும் பெறுமதி. போகிறவர்கள் முதல் நாளே ஒப்பந்தக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ரீச்சர் அதிலுள்ள ஆள் பெயர் எது, ஊர்ப் பெயர் எது என்று கோடு போட்டுத் தருவார், அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. அடுத்த வகுப்பு தைப்பொங்கல் கழிந்து வருகிற சனிக்கிழமை தொடங்குகிறது.