கை தூக்கலா, சீட்டு போடலா?

கடலூர் திருப்பாப்புலியூர் பக்கம் வியாபாரிகள் சங்கம் அரசுக்கு ஒரு கருத்துச் சொல்ல வேண்டுமென்றால் எளிய வழி கை தூக்கல்தான். செயற்குழு எழுதி வைத்த தீர்மானத்தைச் செயலாளர் வாசிப்பார், கைகள் எழும், ஆட்சியருக்கு மனு தயார். வாசகம் பிடிக்காதவர் அங்கேயே எழுந்து ஒரு வரியை மாற்றச் சொல்லலாம். ரகசியமாக எழுதிப் போடும் ஓட்டுச் சீட்டில் அந்த வசதி கிடையாது. ஆம், இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு 2019-இல் அனுமதித்ததே, அது மாதிரி விஷயத்தில்? பெரிய கடைக்கு லாபம், ஒற்றை ஆள் மளிகைக்கு வயிற்றெரிச்சல். மளிகைக்காரர் கை தூக்குமுன் முன்வரிசை மொத்த வியாபாரியைப் பார்ப்பார். பருப்பும் எண்ணெயும் அவரிடம்தான் கடன். பாதி எழுந்த கை தலையைச் சொறியப் போய்விடும்.

சீட்டென்றால் மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். எண்ண நேரமாகும், சந்தா பாக்கிக்காரருக்கு ஓட்டு உண்டா என்று ஒரு சண்டையும் நிச்சயம்.

உறுப்பினர்களின் பிழைப்பு ஒன்றோடொன்று மோதும் விஷயமென்றால் என் ஓட்டு சீட்டுக்கே. மனுவில் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதையும் எழுதி அனுப்பட்டும்.