தொப்பூர் ஏற்றத்துக்கு முதலில் ஆயிலா, கூலரா?

போன சித்திரையில் தருமபுரிப் பக்கத்து வத்தல்மலை ஏறி என் ஆட்டோமேட்டிக் வண்டியை நிறுத்தியபோது அம்மாதான் முதலில் கேட்டார்: "என்னடா, ஏதோ தீயுற வாடை வருது?" ஏழு பேர், பின்னால் இரண்டு மூட்டை, ஏசி முழு வேகத்தில். வளைவுக்கு வளைவு முதல் கியரும் இரண்டாவது கியருமாகவே ஏறி வந்திருந்தோம். பிரேக் வாடை என்று நினைக்க வழியில்லை, ஏறும்போது பிரேக்கைத் தொட்டதே குறைவு.

மறுநாள் தருமபுரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பி கியர்பாக்ஸ் ஆயிலில் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் விட்டார். "அண்ணா, இது புதுசுல செவப்பா இருக்கும். மோந்து பாருங்க." டிகாஷன் நிறத்தில் இருந்தது, கருகல் வாடையோடு. பெரிய கூலர், அதாவது கியர்பாக்ஸ் ஆயிலைக் காற்றில் ஆற்றும் சின்ன ரேடியேட்டர் போட்டால் சரியாகிவிடும் என்றார் அவர். கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறையில் கூலர் வேண்டாம், மிஷின் வைத்து ஆயிலை முழுசாக மாற்றினால் போதும் என்றார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் என் நண்பன், இந்த ஆயில் ரேடியேட்டருக்குள் போய் ஆறிவரும் வழியையே அடைத்துவிட்டுத் தனிக் கூலருக்கு மாறச் சொன்னான். மூன்று பேரும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் மூன்று வேலையும் ஒன்றல்ல, ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. மூன்றையும் எடைபோட்டு, என் வண்டியில் செய்தும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். 2014இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்காக ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவே. அதற்கு இந்தக் கூலர் பேச்சே இல்லை. சி.வி.டி., இரட்டை கிளட்ச் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளுக்கு ஆயிலே வேறு. மாற்றி ஊற்றினால் கியர் பெட்டி போய்விடும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். டார்க் கன்வெர்ட்டருக்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள், நடுவில் ஆயில். இன்ஜின் பக்கத்து விசிறி ஆயிலைச் சுழற்றித் தள்ள, அந்த ஆயில் மற்றதைச் சுற்றுகிறது. இரண்டுக்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு சூடு. வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சூடு அடங்கிவிடும். ஆகவே நம் பக்கத்து ஏற்றங்களை இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை வழியாக ஓசூர் போகும்போது ரோடு ஏறிக்கொண்டே போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். லாக்-அப் பூட்டியே இருக்கும், முன்னால் காற்றும் அறையும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறுவதும் வத்தல்மலை ஏறுவதும் வேறு கதை. அங்கே லாக்-அப்பும் இல்லை, காற்றும் இல்லை. பெங்களூரு ரோட்டில் மட்டும் போய்வருகிறவர் தனிக் கூலருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இப்போது ஆயில். சேம்பரின் (பெட்டிக்கு அடியிலுள்ள ஆயில் தட்டு) டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டரிலும் பைப்புகளிலும் பெரும்பங்கு தங்கிவிடும். மொத்தம் 10 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 4 லிட்டர் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை வடித்து ஊற்றினால் 40 சதவீதம் புதுசு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி செய்தால் 64, மூன்றாம் தடவை 78. ஆக 12 லிட்டர் ஆயில் செலவழித்தும் ஐந்தில் ஒரு பங்கு பழசு உள்ளேயே இருக்கும். மிஷின் அதே அளவு ஆயிலில் ஏறக்குறைய முழுசையும் ஒரே மணி நேரத்தில் மாற்றிவிடும். கணக்குப்படி மிஷின்தான் ஜெயிக்கிறது.

ஆனாலும் நான் மூன்று தடவை வடிப்பதையே தேர்ந்தெடுத்தேன். மிஷினின் குழாய்களில் முந்தைய வண்டியின் ஆயில் கொஞ்சம் இருக்கும், அது என்ன ரகம் என்று எனக்குத் தெரியாது. சில பட்டறைகளில் கழுவும் மருந்தையும் சேர்த்து ஓட்டுகிறார்கள், நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதைவிட முக்கியம், மிஷின் மட்டும் வைத்தால் சேம்பரை யாரும் கழற்றுவதில்லை. என் வண்டியில் முதல் தடவையே சேம்பரை இறக்கி, ஃபில்டரை மாற்றி, அடியிலுள்ள காந்தங்களைத் துடைத்தோம். காந்தத்தில் மைபோல நைசாக ஒட்டியிருந்தது. அது தேய்மானம், பயமில்லை. துண்டு துண்டாக இரும்புச் சில்லு இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம். புது ஆயிலும் வேண்டாம், கூலரும் வேண்டாம், பெட்டியைப் பிரிக்கிற வேலைக்குப் போக வேண்டியதுதான். இந்தத் தகவலை எந்த மிஷினும் தராது.

"பழைய பெட்டியில புது ஆயில் ஊத்தினா கியர் நழுவும்" என்ற பயம் நம் ஊரில் நிறைய உண்டு. நழுவ ஆரம்பித்த பிறகே ஆயில் மாற்றப் போகிறோம், பிறகு பழியை ஆயில்மேல் போடுகிறோம். தேய்ந்த கிளட்ச் பிளேட்டை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சில கார் கம்பெனிகள் சொல்வதையும் நம்ப வேண்டாம். கியர்பாக்ஸையே செய்கிற இசட்.எஃப். நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மலையும் வெயிலும் பாரமும் சேர்ந்த நம் ஓட்டத்துக்கு நான் 60,000 என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆயில் ரகத்தில் பேரமே இல்லை. டொயோட்டா டபிள்யூ.எஸ். கேட்டால் அதுதான், ஹூண்டாய் எஸ்.பி.-4 கேட்டால் அதுதான்.

ஆயிலின் அளவு பார்ப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதைய பல வண்டிகளில் அளவுக்குச்சி கிடையாது. இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சூடு பல வண்டிகளில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும். சித்திரை, வைகாசியில் தருமபுரி பட்டறைத் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடுகிறது. இன்ஜினைப் போட்டுச் சில நிமிடத்தில் ஆயில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், விரிந்த ஆயில் அதிகமாக வழிந்து போகும், கடைசியில் பெட்டிக்கு ஆயில் குறைவு. அதனால் முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு, காலை 6 மணிக்கு வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்காமல் வந்தார்.

மூன்று தடவை வடிக்கும் முறையால் இன்னொரு லாபமும் கிடைத்தது. இடையில் கிடைத்த ஓட்டத்தில் சூட்டை அளந்து பார்க்க முடிந்தது. வண்டியின் கணினித் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஓ.பி.டி. கருவி ஒன்றைச் செருகி, போனில் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சமவெளியில் 90 டிகிரியை ஒட்டி, தொப்பூர் ஏற்றத்தில் 104, வத்தல்மலையில் 118. புது ஆயில் ஊற்றிய பிறகும் இந்த எண்கள் மாறவே இல்லை. மாறவும் மாறாது. புது ஆயில் சூட்டைத் தாங்கும், சூட்டைக் குறைக்காது. சூடு சுமார் 11 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் வெகுகாலமாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. 104க்காக நான் கூலர் போட்டிருக்க மாட்டேன். 118 என்னைப் போட வைத்தது. மாமியார் ஊர் வத்தல்மலை அடிவாரம், அங்கே போகிற சாக்கில் மாதம் ஒரு முறையாவது மலையும் ஏறுகிறோம்.

கூலரில் வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாய் வகை மலிவு. தகடுகளை அடுக்கிச் செய்த வகை விலை அதிகம், ஆனால் அதே இடத்தில் நன்றாகவே கூடுதல் குளிர்ச்சி தரும். பம்பருக்குப் பின்னால் இடம் குறைவான நம் வண்டிகளுக்கு அடுக்குத் தகடு வகையே சரி.

உண்மையான போட்டி, ரேடியேட்டர் வழியை வைத்துக்கொள்வதா, அடைப்பதா என்பதுதான். நண்பன் அடைக்கச் சொன்னதற்கு நியாயமான காரணம் உண்டு. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குளிர்விப்பான் உடைந்தால் கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) கியர்பாக்ஸுக்குள் கலக்கும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர் வகையறாக்களில் இது பெரிய பிரச்சினையானது. ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறும், கிளட்ச் பிளேட்டின் ஒட்டுப் பசை கரையும், பெட்டி முடிந்தது. ஆனால் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு சூட்டை வாங்கும். ஊர்ந்து ஏறும் மலையில், காற்று இல்லாத நேரத்தில், அந்தத் துணையை நான் ஏன் இழக்க வேண்டும்? அதனால் இரண்டையும் தொடராக வைத்தேன். வரிசை முக்கியம்: ஆயில் முதலில் ரேடியேட்டர், பிறகு புதுக் கூலர், பிறகு பெட்டி. ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரி இருக்கும் என்பதால் அதற்குக் கீழே ஆயிலை அது இறக்காது. கூலரை முன்னால் வைத்தால், ஆறிய ஆயிலை ரேடியேட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும்.

பொருத்தும்போது தம்பியிடம் இரண்டு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தேன். கூலரோடு வரும் பிளாஸ்டிக் டேக்குகளை ஏசி கண்டென்சருக்குள் குத்தி இழுத்துக் கட்டக் கூடாது. ஆடி ஆடிக் கண்டென்சரை அறுத்துவிடும். இரும்புப் பட்டை வளைத்துத் தனியாகத் தாங்கல் செய்தோம். அடுத்தது, கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே வரும் ஹோஸ்தான் வேண்டும், கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஹோஸ் ஆகாது. அது கழன்றால் சில நிமிடத்தில் ஆயில் மொத்தமும் ரோட்டில் போய்விடும். மூன்றாவது வடிப்பையும் கூலர் வேலையையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டதால், அளவு பார்க்கும் வேலை ஒரே தடவையில் முடிந்தது.

அதே ஏழு பேரோடு மறுபடி வத்தல்மலை ஏறினோம். உச்சத்தில் 103. தொப்பூரில் 96. மேலே போனதும் உடனே இன்ஜினை அணைக்காமல், பார்க்கில் போட்டு ஏசியோடு ஐந்து நிமிடம் ஓடவிட்டேன், ஆயில் சுற்றினால்தான் ஆறும். அம்மா இறங்கி ஒரு சுற்று வந்து, வாடை இல்லை என்றார்.

பர்கூரில் மச்சான் வண்டி பன்னிரண்டு வருடப் பழசு, ஓசூர் ரோட்டில் மட்டுமே ஓடுகிறது. என்னைப் பார்த்து அவரும் கூலர் வாங்கப் போனார். தடுத்துவிட்டேன். அவருக்கு முதல் வேலை, உள்ளிருக்கும் ஆயில் குளிர்விப்பான் உடைவதற்குள் பழைய ரேடியேட்டரை மாற்றுவது, அதோடு சேம்பரை இறக்கி ஆயில் மாற்றுவது. கூலருக்கு எடுத்து வைத்த பணம் அதற்கே சரியாக இருக்கும். வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.