ரீப்பர்: சத்தமே இல்லாமல் வரும் மென்பொருளோடு ஏழு வருஷம்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாட்டுப் பதிவுக்கு ஒரு மென்பொருள் இருக்கிறது என்று யார் பேச்செடுத்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். ரீப்பருக்கு 60 டாலர், நம் காசுக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். தனியாள் சொந்த வேலைக்கு வாங்கினாலும், தொழிலாகச் செய்து வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல் வரவில்லை என்றாலும் இந்த விலை, அதைத் தாண்டியவர்களுக்கு 225 டாலர். நான் எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வாங்குவதற்கு முன் 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், எந்த வசதியையும் பூட்டி வைப்பதில்லை. 61வது நாளும் அது நின்றுவிடாது, திறக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வந்து இது இலவசம் இல்லை என்று ஞாபகப்படுத்தி சில நொடி காக்க வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பெட்டியைக் கொஞ்ச நாள் பார்த்தேன், அப்புறம் ஒரு ராத்திரி எனக்கே கூச்சமாகி பணத்தைக் கட்டிவிட்டேன்.

நான் நாகர்கோவில் பக்கம். பகலில் டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன், ராத்திரி பாட்டு போடுகிறேன். குரு கிடையாது, கிரேடு பரீட்சை கிடையாது. சித்தப்பா துபாயிலிருந்து கொண்டு வந்த காசியோ கீபோர்டை வீட்டில் யாரும் தொடாததால் அது என் கைக்கு வந்தது. வாசித்துக்கொண்டிருப்பது மோகன ராகம் என்று தெரிவதற்கு முன்பே மோகனத்தில் நாலு மெட்டு போட்டிருந்தேன், ஒருத்தர் கேட்டுவிட்டுச் சொன்னபிறகுதான் அதற்குப் பேர் இருப்பதே தெரியும். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இருக்காது.

ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். பேர் தெரியாவிட்டாலும் அவர் கைவேலை உங்களுக்குத் தெரியும், 1997ல் வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளைச் செய்தவர் அவர்தான். நம் வயசுக்காரர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எம்பி3 சிடி போட்டுக் கேட்டது அதில்தானே. 1999ல் வினாம்ப் கம்பெனியை ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் வாங்கியது, சில வருஷத்தில் அவர் வெளியே வந்தார், அப்புறம் காக்கோஸ் என்ற சின்ன நிறுவனத்திலிருந்து ரீப்பரை வெளியிட்டார். இப்போது ஓடுவது 2023ல் வந்த ஏழாம் பதிப்பின் வரிசை. ஒருமுறை வாங்கினால் அடுத்த பெரிய பதிப்பு முழுக்கவும் அதே உரிமம் செல்லும். விண்டோஸுக்கான பதிவிறக்கக் கோப்பு இருபது எம்பி அளவுகூட வராது, பழைய பதிப்புகள் அதைவிடச் சின்னது. நான் ஆரம்பித்தது 4 ஜிபி ரேம் உள்ள செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில், வேறு பெரிய மென்பொருள்கள் அதில் திறக்கவே மூச்சு வாங்கும். இதைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய் வேறொருவர் கம்ப்யூட்டரிலும் ஓட்டலாம்.

சரி, இனி குறை. திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று ஜன்னல். டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, வயலின் இல்லை, திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் என்று ஒன்றுமே இல்லை. ரியாசிந்த் என்று, ஒலியைத் தானே உண்டாக்கும் ஒரு சின்ன சிந்தசைசர் இருக்கிறது, அது ஒலிக்கிற ஒலிக்கு அதை வைத்துக்கொண்டு தாலாட்டு போட்டால் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். ஈக்யூ, கம்ப்ரெஸர், ரிவெர்ப் என்று ஒலியைத் திருத்துகிற கருவிகள் எல்லாம் நல்ல தரத்தில் கூடவே வருகின்றன, ஆனால் திருத்துவதற்கு ஒலி நம்மிடம் இருக்க வேண்டும். மற்ற மென்பொருள் வாங்கினால் பத்து இருபது ஜிபிக்கு ஒலிகள் சேர்ந்து வரும், இதில் அதெல்லாம் நம் பாடு. வைட்டல் மாதிரி இலவச சிந்தசைசர்களை இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம், நானும் சேர்த்தேன். ஆனால் முதல் மூன்று மாதம் நெட் வசதி சரியாக இல்லாத வீட்டில் இருந்தேன், அதனால் இருப்பதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. என் பாட்டு மாறினது அந்த மூன்று மாதத்தில்தான், அதனால் இந்தக் குறையை நான் மனசாரக் குறை என்று சொல்ல முடியவில்லை.

அதுவரை நான் போட்டதெல்லாம் நகல். என் காதில் ஊறிக் கிடந்தது இரண்டு விஷயம். ஒன்று இளையராஜா கேசட்டுகள், அதிலும் அந்த பேஸ் கிதார். பாடகர் ஒரு பாட்டு பாடிக்கொண்டிருப்பார், கீழே பேஸ் தனியாக இன்னொரு பாட்டு பாடிக்கொண்டிருக்கும். சைக்கிளில் போகும்போது நான் முணுமுணுத்தது பெரும்பாலும் பாட்டை அல்ல, அந்த அடி வரியை. இன்னொன்று எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு வரும் வில்லுப்பாட்டு. வில், வீசுகோல், உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம். ராத்திரி பத்து மணிக்கு நிதானமாகத் தொடங்கும், சாமி வருகிற நேரம் நெருங்க நெருங்க ஓட்டம் பிடிக்கும், நடுவில் குழுவை நடத்தும் அண்ணாவி கதை சொல்ல நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். குழாய் ஸ்பீக்கரில் அதைத் தூரத்திலிருந்து கேட்டால் உடுக்கையும் ஜால்ராவும்தான் வரும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் குடம் தெரியும். குடத்தின் வாயில் மட்டை விழும்போது வருகிற அந்த 'தொம்' காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும்.

எனக்கு பேஸ் கிதார் வாங்க வசதியில்லை, ரீப்பரிலும் பேஸ் ஒலி இல்லை. அப்போதுதான் குடம் ஞாபகம் வந்தது. தெரிந்த பெரியவர் ஒருவர் நாற்பது வருஷமாகக் குடம் அடிப்பவர், அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மைக்கை வைத்து விதவிதமாக அறுபது எழுபது அடி பதிவு செய்தேன். வாயில், கழுத்தில், வயிற்றில் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஒலி. பின்னால் காக்கா, ஆட்டோ, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் சேர்ந்தே வந்தது. தொடர்ந்து ஒரே மாதிரி இரைகிற மின்விசிறி மாதிரியான சத்தத்தை ரியாஃபிர் என்ற கருவிக்கு ஒரு நொடி கேட்கவிட்டால் அதைப் படித்துக்கொண்டு கழித்துவிடும். காக்காவை அப்படிக் கழிக்க முடியாது. ஒரு பாட்டில் அது இன்னும் இருக்கிறது, கேட்டவர்கள் வேண்டுமென்றே வைத்தது என்று நினைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

அந்த அடிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி ரியாசாம்ப்ளோமேட்டிக் 5000 என்ற, பேரைப் பார்த்தால் மிக்ஸி மாதிரி தோன்றும் கருவியில் போட்டேன். ஒரு ஒலியைக் கொடுத்தால் அதைக் கீபோர்டின் கட்டைகள் முழுக்கப் பரப்பிக்கொடுப்பது அதன் வேலை. குடம் எந்தச் சுருதியில் இருக்கிறது என்று, சுருதியைக் காட்டும் ரியாட்யூன் என்ற கருவியில் பார்த்தால் இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது, அதைக் கொஞ்சம் இழுத்து இரண்டு கட்டைக்குக் கொண்டு வந்தேன். ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் ஒலியின் நீளம் இரட்டிப்பாகும், அதனால் அந்தச் சின்ன 'தொம்' நீண்டு, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேஸ் வாசிப்பதுபோல ஆகிவிட்டது. ராஜாவிடம் கேட்டுப் பழகிய அடி வரியை அந்தக் குடத்தில் வாசித்தேன். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பெரியவருக்கு ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "குடம் நல்லா இருக்கு மக்கா. ஆனா இத மனுசன் அடிக்கல்ல போல இருக்கே" என்றார். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது, ஆனால் அவர் சொன்னது சரி. திரையில் தாளத்தைப் பிரித்துக் காட்டும் கட்டத்துக்குள் ஒவ்வொரு அடியையும் ஒட்டவைத்து, 'டிக் டிக்' என்று சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் பிடித்து, கணக்காகச் செய்திருந்தேன்.

அதற்கப்புறம் என் முறையே தலைகீழாகிவிட்டது. இப்போது முதலில் மெட்ரோனோம் இல்லாமல் தன்னானே போட்டுப் பாடிப் பதிவு செய்கிறேன், பெரும்பாலும் செல்போனில் வண்டியை ஓரமாக நிறுத்தி முணுமுணுத்தது, அதையே உள்ளே கொண்டுவந்து போடுவேன். பிறகு அந்தக் குரல் எங்கே வேகமெடுக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்த்து, ஒரு சுற்றை மட்டும் தேர்வு செய்து அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடச் சொன்னால் ரீப்பர் அந்த இடத்தில் ஒரு டெம்போ குறி வைக்கும். இப்படியே குறி குறியாக வைத்துக்கொண்டு போனால் மென்பொருளின் தாளம் பாடுகிறவன் பின்னால் வரும். மூன்று நிமிஷப் பாட்டுக்கு ஒரு ராத்திரி பிடிக்கும், அலுப்பான வேலைதான். ஆனால் கொடையில் கேட்கிற அந்த ஓட்டம் வேறு எப்படியும் எனக்கு வரவில்லை. மெட்ரோனோம் வைத்துத்தான் தீருவேன் என்பவர்களுக்கும் வசதி உண்டு. எந்த அடி அழுத்தமாக விழ வேண்டும் என்று நாமே அமைக்கலாம், மிஸ்ர சாபு தாளத்தின் ஏழு எண்ணிக்கையை மூன்றும் நாலுமாகப் பிரித்துத் 'தகிட தகதிமி' என்று கொட்ட வைக்கலாம்.

சுருதி சேர்ப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரியாட்யூனில் தானியங்கித் திருத்தம் இருக்கிறது, ராகத்தின் ஸ்வரங்களை மட்டும் வைத்து மற்றதை அணைத்துவிட்டால் குரலை அந்த ஸ்வரங்களுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். நேராக நிற்கும் ஸ்வரத்துக்கு இது நல்ல உதவி. கமகம் வந்தால் போச்சு. இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் ஆடுவதைத் தப்பு என்று எண்ணி அது படிக்கட்டாக வெட்டிவிடும். ரியாட்யூன் மட்டும் அல்ல, ஸ்வரத்துக்கு இழுக்கிற எந்தக் கருவியும் அப்படித்தான் செய்யும். எவ்வளவு சீக்கிரம் இழுக்க வேண்டும் என்று சொல்லும் அட்டாக் நேரத்தைக் கூட்டினால் கொஞ்சம் மெதுவாக இழுக்கும், ஆனால் நான் இப்போது ஆடுகிற இடங்களைத் தனித் துண்டாக வெட்டி (எஸ் கட்டையை அமுக்கினால் வெட்டும்) திருத்தம் இல்லாத டிராக்கில் போட்டுவிடுகிறேன். என் தொண்டைக்குத் திருத்தம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாயை எதுவும் இல்லை.

இன்னொன்று, இது முழுக்க என் தவறு. ரீப்பரில் பாட்டைச் சேமித்தால் சேமிப்பது வரைபடத்தை மட்டும்தான், ஒலிக் கோப்புகள் தனியாக இருக்கும். சேமிக்கும் பெட்டியிலேயே எல்லா ஒலியையும் ஒரே ஃபோல்டருக்குள் நகலெடு என்று ஒரு தேர்வு இருக்கிறது, நான் அதைப் பார்த்தும் டிக் போடவில்லை. லேப்டாப்பை ஃபார்மட் செய்வதற்கு முன் அந்த வரைபடங்களை, அதாவது ப்ராஜெக்ட் கோப்புகளை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தேன். பதினோரு பாட்டு போச்சு. அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடில் திறக்கும். திறந்து பார்த்தால் எந்த நொடியில் குடம் தொடங்கியது, எந்த நொடியில் குரல் வந்தது, எவ்வளவு சத்தம் வைத்திருந்தேன், எல்லாம் வரி வரியாக இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. பெரியவரிடம் மறுபடி போய் நின்றேன். சிரித்துக்கொண்டே திரும்ப அடித்துக்கொடுத்தார், இந்த முறை மிக்ஸி இல்லை.

கற்றுக்கொள்வது கஷ்டமா என்றால் ஆமாம். கையேடு நானூறு பக்கத்துக்கு மேல், மெனுக்களுக்குள் மெனு. கேள்விக்குறிக் கட்டையை அமுக்கினால் ஆயிரக்கணக்கில் கட்டளைகள் பட்டியலாக வரும், முதல் நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள். கென்னி ஜியோயா என்பவரின் விளக்க வீடியோக்கள் ரீப்பரின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன, ஆங்கிலம்தான் என்றாலும் திரையைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துவிடும். அதிகாரபூர்வத் தமிழ் மெனு கிடையாது. செல்போனிலேயே பாட்டை முடிக்க நினைப்பவர்களுக்கும், பட்டனை அமுக்கினால் உடனே பீட் ஓட வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது, அவர்கள் வேறு பார்க்கட்டும், அதில் ஒன்றும் தாழ்வில்லை.

வாங்குகிறவர்களுக்கு: வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் அனுமதித்த கார்டு வேண்டும், உரிமம் மின்னஞ்சலில் ஒரு சின்னக் கோப்பாக வரும். ஒரே நேரத்தில் ஒன்றில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு மூன்று கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். முதல் பாட்டைச் சேமிக்கும்போதே அந்த நகலெடு டிக்கைப் போட்டுவிடுங்கள்.