மாதவரத்தில் நிமிர்ந்த அப்பாவின் ஜீப்

மார்கழியில் மூன்று வாரம் சென்னையில் இருந்தேன். மெல்பர்னில் கிளம்பும்போதே மனதில் வைத்திருந்த வேலை, அப்பாவின் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டை, அதாவது வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கு, சரிசெய்வது. டிரைவர் பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கி, வண்டி சாய்ந்தே நின்றது.

போன தடவை ஒரு கடையில் கொடுத்து ஏமாந்தேன். சூடே காட்டாமல் சுத்தியலால் அடித்து வளைத்து, மதியத்துக்குள் மாட்டித் தந்துவிட்டார்கள். நான் ஊர் திரும்பிய ஒரே மாதத்தில் பழையபடி உட்கார்ந்துவிட்டது என்று அப்பா போனில் சொன்னார்.

இந்த முறை முதலில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை. கழற்றிய பட்டை செட் ஒன்று இருந்தது. ஆனால் கடைக்காரரே, "இதும் பாரம் சுமந்து களைச்சதுதான் சார். உங்களுதையே மாதவரத்துல லாரிக்குப் பட்டை போடுற பட்டறைல குடுங்க" என்றார். விற்க வேண்டியவர் அப்படிச் சொன்னதை மறக்க மாட்டேன்.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பட்டை அடுக்கைப் பிரித்ததும் பட்டைகளுக்கு நடுவிலிருந்து துரு பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் குலுக்கல் அடங்கும். துரு கவ்வினால் வண்டி தூக்கிப் போடும். ஒவ்வொன்றையும் தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார். மூன்றாவது பட்டையில், அடுக்கை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டையை ஒட்டி, மயிரிழை போல ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசல்.

"வெல்டு வச்சுக்கலாமா அண்ணே?"

"வேணாம் தம்பி. வச்ச இடத்துக்குப் பக்கத்துலயே உடையும். இது ஒண்ணை மட்டும் புதுசா போட்டுருவோம்."

தரையில் வர வேண்டிய வளைவைக் கோடாக வரைந்துகொண்டார். உலையில் பட்டை செக்கச் சிவந்ததும் ஒரு காந்தத்தை அருகில் நீட்டினார், ஒட்டவில்லை. அதுதான் சூடு ஏறியதற்கு அடையாளம். அதற்கு மேலும் கொஞ்சம் சூடேற்றி, கோட்டுக்கு வளைத்து, எண்ணெயில் இறக்கினார். குப்பென்று தீ எழுந்து அடங்கியது. அந்த நிலையில் பட்டை கண்ணாடி மாதிரி, அடித்தால் உடைந்துவிடும். மறுபடி குறைந்த சூட்டில் வைத்துப் பதம் கொண்டுவந்தால்தான் ஸ்பிரிங். போன தடவை நடக்காமல் போனது இந்த மொத்த வேலையும்தான். இதையெல்லாம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வண்டியைக் கொடுங்கள். முடிந்தால் கூடவே உட்காருங்கள்.

இரண்டு நாள் ஆனது. பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கினார். பட்டை அடுக்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் நான்கு ஜோடியும் புதிது. ஒருமுறை இழுபட்டதைத் திரும்பப் போடக் கூடாது. ஜீப்பை நான்கு சக்கரத்திலும் தரையில் நிறுத்திய பிறகே பட்டையின் நுனியை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டை இறுக்கினார். அந்தரத்தில் இறுக்கினால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறை, அதாவது புஷ், முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம். அப்பா டேப்பை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தானும் ஒருமுறை அளந்து பார்த்தார். பிறகு சாவியைக் கேட்டார்.