பிங்கி தொடாத குட்டிப் பாம்பு: காத்திருக்கறதா, ஏமாத்தறதா, வாய்க்குள்ள வைக்கறதா?

பசி வந்தா பத்தும் பறந்துபோகும்னு சொல்லுவாங்க, அந்தப் பழமொழிய எழுதினவர் கார்ன் ஸ்னேக் (வீட்டுல வளர்க்கற விஷமில்லாத பாம்பு) குட்டி வளர்த்திருக்க மாட்டார். எங்க வீட்டுக்கு வந்தப்ப அது 7 கிராம், பென்சில விட ஒல்லி, பள்ளிக்கூட ஸ்கேல் நீளம் கூட இல்ல. கடைக்காரர் "ரெண்டு தடவ சாப்பிட்டிருக்கு"ன்னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லித்தான் குடுத்தார், எனக்கு இன்னும் அதுல சந்தேகம் உண்டு. மூணு வாரம் ஒண்ணும் தொடல. நான் இருக்கறது இங்கிலாந்து, இங்க இந்தப் பாம்புக்கு லைசென்ஸ் தேவையில்ல. ஊர்லேர்ந்து படிக்கறவங்க ஆசப்பட்டு சாரப்பாம்புக் குட்டிய புடிச்சு வெச்சுடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு.

ஏன் தொடலன்னு புரிஞ்சாத்தான் எந்த வழி சரின்னு பேச முடியும். இதோட சொந்த ஊர் அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கம், அங்க குட்டியா இருக்கறப்ப இது தேடித் திங்கறது சின்னப் பல்லியும் மரத்தவளையும்தான், எலியெல்லாம் கொஞ்சம் வளந்தப்புறம். நாம என்னடான்னா ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்த, முடி முளைக்காத எலிக்குஞ்ச (அதத்தான் பிங்கின்னு சொல்றோம்) டாங்ஸ்ல (நீளமான இடுக்கி) புடிச்சு மூஞ்சிக்கு நேரா ஆட்டறோம். அதுக்கு அது சாப்பாடுன்னே தெரியாது.

முதல்ல சூடு. இத ஒரு வழியா கூட நான் எண்ணல, ஏன்னா இது சரியில்லாம மத்த எதப் பண்ணாலும் வேஸ்ட். பெட்டியோட சூடான பக்கம் 28லேர்ந்து 30 டிகிரி இருக்கணும், அது இல்லன்னா பாம்புக்குச் செரிக்காது, செரிக்காதுன்னு தெரிஞ்சா அது சாப்பிடவும் செய்யாது. என் கதைல தெர்மோஸ்டாட்டோட சூடு பாக்கற வயர் நுனி நழுவி ஹீட் மேட் (பெட்டிக்குச் சூடு குடுக்கற விரிப்பு) மேலயே போய் உக்காந்துடுச்சு, அது மேட்டோட சூட்டப் பாத்துட்டு போதும்னு கரண்ட்ட நிறுத்திடும், பாம்பு படுக்கற இடம் 24தான். இத நான் கண்டுபுடிக்கவே பத்து நாள் ஆச்சு, அதுவரைக்கும் பாம்பத்தான் திட்டிட்டு இருந்தேன்.

சரி, வழிகளுக்கு வரேன். சும்மா விட்டுடறது ஒண்ணு. புதுசா வந்த குட்டிய ஒரு வாரம் தொடாம விடணும், கண்ணு பால் ஊத்தின மாதிரி மங்கியிருந்தா சட்ட உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்பவும் குடுக்க வேணாம். செலவே இல்லாத வழி, பாதிப் பாம்பு இதுலயே சரியாகிடும்னு அனுபவஸ்தங்க சொல்றாங்க. ஆனா பெரிய பாம்பு மாசக்கணக்கா பட்டினி கிடக்கலாம், 7 கிராம் குட்டிகிட்ட சேமிப்புன்னு பெருசா எதுவும் கிடையாது. அதனால காத்திருக்கறதுக்கு ஒரு எல்லை போட்டுக்கங்க. எடை பத்துல ஒரு பங்கு குறைஞ்சா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறது, எனக்கு அது 6.3 கிராம். சமையல் தராசு இதுக்கு ஆகாது, அது 6 காட்டும் இல்லன்னா 7 காட்டும், நக நிறுக்கற மாதிரி புள்ளிக்கணக்கு காட்டற குட்டித் தராசு வாங்கணும். இதுல நான் பண்ணின முட்டாள்தனம், காத்திருக்கேன்னு சொல்லிட்டு தினமும் ராத்திரி டாங்ஸோட போய் நின்னது. மூக்குல தட்டித் தட்டி, கடைசில டாங்ஸ் தெரிஞ்சாலே வால உதறிட்டு ஓட ஆரம்பிச்சுடுச்சு. அஞ்சு நாளைக்கு ஒரு தடவ போதும்.

அப்புறம் வாசனைய மாத்தறது, இதுல மட்டும் மூணு கட்சி இருக்கு. பல்லிக் கட்சி சொல்றது, பிங்கிய பல்லி உரிச்ச தோல்லயோ பாட்டில்ல விக்கற பல்லி வாசனைத் தண்ணிலயோ தேய்ச்சுக் குடுங்கன்னு. வேல செய்யற வழிதான், கார்ன் ஸ்னேக்குக்கு இது பலமான தூண்டில், ஆனா வாசனை பழகிட்டா அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வந்து மறக்கடிக்கணும், அது தனி வேல. சுவத்துல ஓடற பல்லியப் புடிச்சுத் தேய்க்காதீங்க, ஒட்டுண்ணி வந்துடும். மண்டக் கட்சி, பிங்கியோட மண்டைல ஊசியால சின்னதா குத்தி உள்ள இருக்கறது லேசா கசியற மாதிரி விடுவாங்க. கேக்கவே குமட்டுது, எனக்கும் குமட்டுச்சு, ரெண்டு தடவ பண்ணேன், நாக்க நீட்டி மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. மூணாவது சோப்புக் கட்சி, இவங்க வாசனைய ஏத்தறவங்க இல்ல, இறக்கறவங்க. வாசனை இல்லாத சோப்புல பிங்கியக் கழுவி, நல்லா நாலஞ்சு தண்ணில அலசி எலி நாத்தத்தையே எடுத்துடறது. பல்லி வாசனை வராட்டியும் எலி வாசனை போயிடுது இல்ல, அது பல குட்டிகளுக்குப் போதுமாம். காசும் இல்ல, குமட்டலும் இல்ல, எனக்குப் புடிச்சது இதுதான். டூனா மீன் தண்ணி வேலைக்காகுமான்னு கேப்பீங்க, அது ஹாக்னோஸ் பாம்பு வளர்க்கறவங்க நம்பற வித்தை, கார்ன்ல அவ்வளவா பேசப்படல.

எங்கம்மா வீடியோ கால்ல பாத்துட்டு சொன்னது, "ஒரு கிண்ணத்துல பால் வெச்சுப் பாருடா." பால் பாம்புக்குச் செரிக்காதும்மான்னு சொன்னா புத்துக்கு வருஷா வருஷம் ஊத்தறமேங்கறாங்க. அந்த விவாதத்த அதோட விட்டுட்டேன்.

இடத்தச் சுருக்கறதுதான் என்னோட முதல் மார்க். பெரிய கண்ணாடிப் பெட்டில குட்டி எப்பவும் ஒளிஞ்சே கிடக்கும், அதுக்கு அது மைதானம். அன்னிக்கு ராத்திரி 11 மணி இருக்கும், பிங்கிய கவர்ல போட்டு வெந்நீர் மக்குல முக்கி (மைக்ரோவேவ்ல வெச்சுடாதீங்க, வெடிக்கும்), சோப்புல கழுவி, டிஷ்யூல ஒத்தி எடுத்தேன். தயிர் டப்பா சைஸ்ல மூடில ஓட்ட போட்ட டப்பா, உள்ள கிழிச்சுப்போட்ட பேப்பர், நடுவுல பிங்கி, பக்கத்துல பாம்பு. மூடி, சூடான பக்கமா வெச்சு, மேல ஒரு துண்டப் போத்திட்டு லைட்ட அணைச்சுட்டேன். எட்டிப் பாக்கக் கூடாதுங்கறதுதான் இதுல கஷ்டமான பார்ட், நான் ரெண்டு தடவ கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பினேன். காலைல மூடியத் திறந்தா பேப்பருக்கு அடியில சுருண்டு கிடக்கு, உடம்பு நடுவுல கோலிகுண்டு விழுங்கின மாதிரி ஒரு வீக்கம். அன்னிக்கு எடை 6.4, பிங்கியச் சேக்காம.

உயிரோட குடுக்கறது பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல. பிங்கி கடிக்காது, அதனால குட்டிக்கு ஆபத்து இல்லங்கறது உண்மை, ஆனா பழகிட்டா வளந்தப்புறம் பெரிய எலி உயிரோட கேக்கும், பெரிய எலி பாம்பையே கடிச்சுக் குதறிடும். போக, இங்க எந்தக் கடையிலயும் எனக்குக் கிடைக்கவும் இல்ல.

கடைசியா வாயத் திறந்து பிங்கி மூக்க உள்ள வெச்சு, பாம்பு கவ்வினதும் அசையாம கீழ விடறது. வீடியோல பாத்தா அரை நிமிஷ வேலையாத் தெரியும். நெருப்புக்குச்சித் தல சைஸ் வாய்ங்க அது, தாட லேசா இழுத்தாலும் போச்சு, அதோட பயந்துபோன பாம்பு வாந்தி எடுத்துட்டா இருக்கற சக்தியும் போயிடும், அப்புறம் ரெண்டு வாரம் எதுவும் குடுக்க முடியாது. எடை எல்லையத் தாண்டிடுச்சு, மத்ததெல்லாம் பாத்தாச்சுன்னா மட்டும், அதுவும் ஊர்வன பாக்கற டாக்டர் ஒருத்தர் கைல முதல் தடவ பாத்துக் கத்துக்கிட்டு. டியூப் போட்டு ஊட்டறதெல்லாம் முழுக்க அவங்க வேல, நாம தள்ளி நிக்கறது நல்லது.

முதல் தடவ சாப்பிட்டுச்சேன்னு மறுநாளே கைல எடுத்துக் கொஞ்சாதீங்க, ரெண்டு நாள் விடுங்க, அடுத்த நாலஞ்சு சாப்பாடு வரைக்கும் அதே டப்பா அதே துண்டுன்னு எதையும் மாத்தாதீங்க. எங்களுது இப்ப 19 கிராம், டப்பா இல்லாம டாங்ஸ்லேர்ந்தே இழுத்துக்குது. சோப்பு இனிமே வேணாம்னுதான் நினைக்கறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவயும் கை தானா சிங்க் பக்கம் போயிடுது.